வேலை பார்த்துக்கொண்டே ஏசிசிஏ: கோலாலம்பூரில் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

ஏசிசிஏ என்ற பிரிட்டன் அமைப்பின் கணக்காளர் தகுதியை முடிக்க எனக்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன. நான்கில் முடித்திருக்கலாம். மீதி இரண்டு ஆண்டுகளும் பதிவு, விலக்கு (சில தாள்களை எழுதாமலே கடப்பது), கெடு, வேலை அனுபவம் ஆகியவற்றை முன்னுக்குப் பின்னாகச் செய்ததில்தான் போயின. இப்போது சனிக்கிழமை மாலைகளில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் தம்பி தங்கைகளும் அதே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அதனால் வரிசைப்படி எழுதி வைக்கிறேன். பகலில் வேலை, இரவில் படிப்பு, சொந்தக் காசு, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதுவது என்று இருப்பவரை மனத்தில் வைத்து எழுதியது இது.

1. இந்தத் தேர்வு உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள்

மலேசியாவில் 1967ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டப்படி, எம்ஐஏவில் (மலேசியக் கணக்காளர் கழகம்) உறுப்பினராக இருப்பவர்தான் தன்னைக் கணக்காளர் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த உறுப்பினர் தகுதிக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் கணக்கியல் பட்டம். மற்றது, அதே அட்டவணையின் இரண்டாம் பகுதியில் உள்ள தொழில்முறை அமைப்புகளின் உறுப்பியம். ஏசிசிஏ, சிமா, சிபிஏ ஆஸ்திரேலியா, ஐசிஏஇடபிள்யூ, எம்ஐசிபிஏ எல்லாம் இந்த இரண்டாவது வாசல்.

மலாயாப் பல்கலைக்கழகம், யுகேஎம், யுயுஎம், யுஐடிஎம் போன்றவற்றில் கணக்கியல் பட்டம் பெற்றவர் மூன்று ஆண்டு அனுபவத்தோடு நேராக எம்ஐஏவுக்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் வேலை செய்யவோ பெரிய நிறுவனத்தில் மேலே போகவோ அவருக்கும் ஏசிசிஏ உதவும். ஆனால் எம்ஐஏ எண் மட்டும்தான் வேண்டும் என்றால் இந்தச் செலவு வேண்டாம். பதிவுக் கட்டணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொண்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். தனியார் கல்லூரிப் பட்டம் வைத்திருப்பவர் தன் பட்டம் பட்டியலில் இருக்கிறதா என்று எம்ஐஏவிடமே கேட்டுவிடுவது நல்லது. கல்லூரி விற்பனையாளர் சொல்வதை நம்பி இறங்காதீர்கள்.

எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) மட்டும் முடித்தவர் நேராக ஏசிசிஏவில் சேர முடியாது. ஏசிசிஏவின் அடித்தளப் பாடமான எஃப்ஐஏ வழியாக வரலாம். இல்லாவிட்டால் எஸ்டிபிஎம், ஏ லெவல் போன்ற ஒன்றை முடித்துவிட்டு வரலாம்.

2. பதிவுக்கு முன் பெயரைச் சரி செய்யுங்கள்

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். மைகாட்டில் (அடையாள அட்டை) 'தேவி ஏ/பி முத்து', அதாவது முத்துவின் மகள் தேவி, என்று இருக்கும். இணையப் படிவத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒருவர் 'ஏ/பி'யை விட்டுவிடுவார். இன்னொருவர் அப்பா பெயரை முதலில் போடுவார். சாய்கோட்டைப் படிவம் ஏற்காததால் வேறொருவர் 'ஏபி' என்று சேர்த்து அடிப்பார். பட்டச் சான்றிதழில் பெயர் வேறு மாதிரி, எஸ்பிஎம் சான்றிதழில் இன்னொரு மாதிரி.

தேர்வு நாளில் கண்காணிப்பாளர் உங்கள் மைகாட்டையும் தேர்வு அனுமதிச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பெயர் ஒத்துப்போகாவிட்டால் அந்த இடத்தில் நின்று வாதாடத்தான் முடியும், எதையும் திருத்த முடியாது. என்னோடு எழுத வந்த ஒருவர் அரை மணி நேரம் வாசலில் நின்று விளக்கிவிட்டு உள்ளே போனார். உட்கார்ந்தபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அதனால் பதிவு செய்யும்போது மைகாட்டில் உள்ள எழுத்துகளை அதே வரிசையில் போடுங்கள். பதிவு எண் வந்த அன்றே கணக்கில் பெயர் எப்படிக் காட்டுகிறது என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தவறு இருந்தால் தேர்வுக்கு இடம் பதிவதற்கு முன்பே ஏசிசிஏவுக்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள். கல்யாணமாகிக் கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்ட அக்காமார்களுக்கும் இதேதான்.

பெயர் சரி என்றால் மற்றவை எளிது: மைகாட் நகல், கல்விச் சான்றிதழ்கள், பல்கலைக்கழகம் தந்த முழு மதிப்பெண் பட்டியல், ஒரு படம். எல்லாவற்றையும் தெளிவாக ஸ்கேன் செய்து ஒரே கோப்புறையில் போடுங்கள். இதே கோப்புறையைக் கடைசியில் எம்ஐஏவும் கேட்கும்.

இன்னொன்று: கட்டணங்கள் பவுண்டில் வசூலிக்கப்படும். டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் முன்கூட்டியே திறந்து வைக்க வேண்டும். கெடு முடியும் கடைசி இரவில் கார்டு நிராகரிக்கப்பட்டுத் தவித்தவர்கள் பலர்.

3. விலக்கு: கிடைப்பதையெல்லாம் வாங்க வேண்டியதில்லை

ஏசிசிஏவில் மொத்தம் 13 தாள்கள். முதல் கட்டத்தில் பிடி (வணிகமும் தொழில்நுட்பமும்), எம்ஏ (மேலாண்மைக் கணக்கு), எஃப்ஏ (நிதிக் கணக்கு) என்று மூன்று. இரண்டாம் கட்டத்தில் எல்டபிள்யூ (சட்டம்), பிஎம் (செயல்திறன் மேலாண்மை), டிஎக்ஸ் (வரி), எஃப்ஆர் (நிதி அறிக்கை), ஏஏ (கணக்காய்வு), எஃப்எம் (நிதி மேலாண்மை) என்று ஆறு. கடைசிக் கட்டத்தில் எஸ்பிஎல் (வணிகத் தலைமை), எஸ்பிஆர் (உயர்நிலை நிதி அறிக்கை) இரண்டும் கட்டாயம். எஃப்எம், பிஎம், டிஎக்ஸ், ஏஏ ஆகியவற்றின் உயர்நிலைத் தாள்களான ஏஎஃப்எம், ஏபிஎம், ஏடிஎக்ஸ், ஏஏஏ நான்கில் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய ஆட்கள் இன்னும் எஃப்7, எஃப்8 என்றுதான் பேசுவார்கள். பிடி முதல் எஃப்எம் வரை எஃப்1 முதல் எஃப்9 என்று வரிசையாகப் பொருத்திக்கொள்ளுங்கள். எம்ஏ எஃப்2, எஃப்ஏ எஃப்3.

கணக்கியல் பட்டம் இருந்தால் முதல் ஒன்பது தாள்கள் வரை விலக்கு கிடைக்கலாம். உங்கள் பல்கலைக்கழகம், பாடம், முடித்த ஆண்டு மூன்றையும் ஏசிசிஏ தளத்தில் உள்ள விலக்குக் கணிப்பானில் போட்டால் பதில் வரும். ஒவ்வொரு விலக்குக்கும் கட்டணம் உண்டு. இலவசம் என்று நினைத்து ஒன்பதையும் ஏற்றுக்கொண்டு பில்லைப் பார்த்துத் தலையில் கை வைப்பவர்கள் உண்டு.

என் கருத்து இது. பட்டம் முடித்து ஓரிரு ஆண்டுதான் ஆகிறது என்றால் விலக்கை வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்தாறு ஆண்டு ஆகிவிட்டது, இடையில் கணக்குப் பதிவு வேலை மட்டும்தான் செய்தீர்கள் என்றால், எஃப்ஆர் தாளையாவது எழுதிவிட்டு மேலே போங்கள். எஸ்பிஆர் முழுக்க எஃப்ஆரின் தோளில்தான் நிற்கிறது. தாய், துணை நிறுவனங்களைச் சேர்த்துப் போடும் குழுமக் கணக்கு கையில் ஓடாமல் எஸ்பிஆரில் உட்கார்ந்தால் முதல் கேள்வியிலேயே மூச்சு முட்டும். எழுத மனமில்லாவிட்டால் எஃப்ஆர் புத்தகத்தை இரண்டு மாதம் படித்துவிட்டாவது போங்கள்.

4. தாள்களை எந்த வரிசையில் எழுதுவது

கட்டத்துக்குக் கட்டம்தான் ஏற வேண்டும். ஒரு கட்டத்துக்குள் வரிசை உங்கள் விருப்பம். நான் சொல்லும் வரிசைக்குக் காரணம் இருக்கிறது.

எஃப்ஏ முதலில். பற்று, வரவு என்று எழுதும் இரட்டைப் பதிவு கை வராமல் எதுவும் வராது. அப்புறம் எம்ஏ, பிடி. இந்த மூன்றையும் வேண்டிய நாளில் எழுதலாம்; இரண்டு மணி நேரம், திரையிலேயே உடனடி முடிவு.

எஃப்ஆர் முடித்து ஏஏ. கணக்காய்வுக் கேள்வியில் பாதி, 'இந்தச் சரக்கு இருப்பின் மதிப்பீடு கணக்கியல் தரநிலைக்கு உட்பட்டதா' என்பதுதான். தரநிலை தெரியாமல் ஏஏ எழுதுபவர்கள் மனப்பாட வரிகளை அள்ளிக் கொட்டுவார்கள், மதிப்பெண் விழாது. பிஎம் முடித்து எஃப்எம். எஸ்பிஆரை எஃப்ஆர் சூடு ஆறுவதற்குள் எழுதுங்கள்.

எல்டபிள்யூ, டிஎக்ஸ் இரண்டிலும் நாட்டுப் பதிப்புகள் உண்டு. இங்கேதான் வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் வரித்தாளில் மலேசியப் பதிப்பையே எடுங்கள். எல்எச்டிஎன் (மலேசிய வருமான வரி வாரியம்) படிவம் நிரப்பும் அலுவலகத்தில் பிரிட்டன் வரி விகிதம் தெரிந்து என்ன பயன்? எல்டபிள்யூவில் ஆங்கிலச் சட்டமும் உலகப் பதிப்பும் வேண்டிய நாளில் எழுதக்கூடியவை. மலேசியச் சட்டப் பதிப்பு தவணைத் தேர்வு, அதாவது குறித்த மாதங்களில் மட்டும் நடப்பது. நாட்டுப் பதிப்புகள் எல்லாத் தவணையிலும் கிடைக்காது என்பதால் ஆண்டுத் திட்டம் போடும்போதே இவற்றுக்கு முதலில் இடம் ஒதுக்குங்கள். புத்தகம் வாங்கும்போது அட்டையில் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். அண்ணன் கொடுத்தார் என்று பிரிட்டன் வரிப் புத்தகத்தை மூன்று வாரம் படித்த தங்கை ஒருத்தி எங்கள் மேசையில் இருக்கிறாள்.

கணக்காய்வில் இருக்கப் போகிறவர் விருப்பத் தாள்களில் ஏஏஏவை எடுப்பது சரி. தேர்ச்சி குறைவு என்று கேள்விப்பட்டுப் பயந்து ஏபிஎம்முக்கு ஓடுகிறார்கள். நீங்கள் தினமும் செய்யும் வேலையைப் பற்றிய தாள்தான் உங்களுக்கு எளிய தாள்.

கடைசிக் கட்டத்தில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதில் முதல் தாள் தேறிய நாளிலிருந்து ஏழு ஆண்டுகளுக்குள் மற்றவற்றையும் முடிக்க வேண்டும். தவறினால் பழைய தேர்ச்சி காலாவதியாகும். பிள்ளை பிறக்கப் போகிறது, வேலை மாறப் போகிறது என்றால் அந்த முதல் தாளை அவசரப்பட்டு எழுதிக் கடிகாரத்தைத் தொடங்கிவிடாதீர்கள். 2027இலிருந்து ஏசிசிஏ பாட அமைப்பையும் மாற்றுகிறது. நடுவில் இருப்பவர்கள் எந்தத் தாள் எதற்கு ஈடாகும் என்ற மாற்ற விவரத்தைப் பார்த்துவிட்டு மீதித் திட்டத்தைப் போடுங்கள்.

5. தவணையைப் பஞ்சாங்கத்தோடு பொருத்துங்கள்

தவணைத் தேர்வுகள் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களில். ஒரு தவணையில் நான்கு தாள்கள் வரை அனுமதி. வேலையில் இருப்பவருக்கு ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு.

இப்போது உங்கள் அலுவலக நாட்காட்டியை எடுங்கள். இங்கே பெரும்பாலான நிறுவனங்களின் கணக்காண்டு டிசம்பரில் முடியும். கணக்காய்வு நிறுவனத்தில் இருப்பவருக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை வீட்டுக்கு வருவதே தூங்கத்தான். நடுவில் தைப்பூசம், சீனப் புத்தாண்டு. எனக்கு எஃப்ஆரில் முதல் முறை மார்ச்சில் 46தான் வந்தது, தேர்ச்சிக்கு 50 வேண்டும். தேர்வுக்கு முந்தைய வாரம் முழுக்க ஷா ஆலாமில் ஒரு வாடிக்கையாளரின் கிடங்கில் சரக்கு எண்ணிக்கொண்டிருந்தேன், வேறென்ன வரும்?

வரி நிறுவனத்தில் இருப்பவருக்கு ஏப்ரல் 30 பிஇ படிவக் கெடு (சம்பளக்காரர்கள்), ஜூன் 30 பி படிவக் கெடு (தொழில் செய்பவர்கள்), டிசம்பர் கணக்காண்டு நிறுவனங்களுக்கு ஜூலை 31. அவருக்கு ஜூன் ஆகாது. நிறுவனங்களின் உள்கணக்கில் இருப்பவருக்கு மாதக் கணக்கு முடிக்கும் முதல் வாரமே தலைவலி, தேர்வும் பெரும்பாலும் அந்த வாரத்தில்தான் விழும். விடுப்பை இரண்டு மாதம் முன்பே கேட்டு வையுங்கள்.

பொதுவாகக் கணக்காய்வுக்காரர்களுக்குச் செப்டம்பரும் டிசம்பரும் நல்லவை. கனமான தாளைச் செப்டம்பருக்கு வையுங்கள். டிசம்பருக்குப் படிக்கும்போது தீபாவளி குறுக்கே வரும். முறுக்கு சுடும் வாரத்தில் படிப்பேன் என்று அட்டவணை போடாதீர்கள், அந்த வாரத்தை வெறுமையாகவே விட்டுவிடுங்கள்.

6. கெடு

ஒவ்வொரு தவணைக்கும் மூன்று கெடுக்கள்: முன்பதிவு, வழக்கமான பதிவு, தாமதப் பதிவு. கட்டணம் படிப்படியாக ஏறும். தாமதப் பதிவில் விலை கடிக்கும். வழக்கமான பதிவுக் கெடு முடியும்வரை தாளை மாற்றலாம், விலகலாம். அதற்குப் பிறகு கட்டிய பணம் போனதுதான்.

பலர் கவனிக்காதது இது: மார்ச்சுத் தேர்வின் முடிவு ஏப்ரல் நடுவில் வரும். ஜூன் தேர்வின் வழக்கமான கெடு அதிலிருந்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். மற்றத் தவணைகளும் இதே தாளம்தான். முடிவைப் பார்த்து அழுதுவிட்டு நிதானமாக யோசிக்க நேரம் இல்லை. அதனால் தேர்வு எழுதிய மறுநாளே இரண்டு திட்டங்கள் எழுதி வையுங்கள்: தேறினால் எந்தத் தாள், தவறினால் எந்தத் தாள். முடிவு வந்த இரவே பதிந்துவிடலாம், மையத்தில் இடமும் கிடைக்கும்.

மையம் கோலாலம்பூரிலேயே கிடைத்தால் எல்ஆர்டி, எம்ஆர்டி நிலையத்தருகே உள்ளதை எடுங்கள். காரில் போய்ப் பார்க்கிங் தேடும் பதற்றம் தேர்வு நாளில் எதற்கு?

ஆண்டுச் சந்தா ஜனவரி 1இல் வந்து நிற்கும். தேர்வே எழுதாத ஆண்டிலும் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். திரும்பச் சேர நிலுவையும் சேர்த்துக் கட்ட வேண்டும். கட்டியதற்கெல்லாம் ரசீது வையுங்கள். சொந்தக் கல்விக் கட்டணத்துக்கு வருமான வரியில் 7,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு, கணக்கியல் தகுதியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கணக்குப் படிக்கிறவர்களே இதைக் கோர மறப்பது எனக்கு ஆச்சரியம்தான்.

7. திரையில் படியுங்கள்

காகிதத்தில் கணக்குப் போட்டுப் பழகி, தேர்வில் முதல்முறையாகத் திரையைப் பார்ப்பது மிகப் பொதுவான தவறு. இரண்டாம் கட்டத் தாள்கள் மூன்று மணி நேரம், 100 மதிப்பெண், 50 தேர்ச்சி. ஆக, ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம், 20 மதிப்பெண் கேள்விக்கு 36 நிமிடம். கடைசிக் கட்டத் தாள்கள் மூன்றே கால் மணி நேரம்.

ஏசிசிஏவின் பயிற்சித் தளம் இலவசம். தேர்வில் வரும் அதே விரிதாள், அதே எழுத்துப் பெட்டி அதில் இருக்கிறது. முதல் வாரத்திலிருந்தே அதில் பழகுங்கள். எதற்கு என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன்.

தாய் நிறுவனத்தின் வருவாய் 820,000. துணை நிறுவனத்தின் வருவாய் 600,000. கணக்காண்டு டிசம்பர் 31இல் முடிகிறது, துணை நிறுவனத்தை வாங்கியது மே 1. வாங்கிய பிறகு தாய் நிறுவனம் துணை நிறுவனத்துக்கு 50,000க்கு விற்றிருக்கிறது. குழும வருவாய் என்ன?

மே முதல் டிசம்பர் வரை எட்டு மாதம். விரிதாள் கட்டத்தில் இப்படி அடிக்க வேண்டும்: =820000+(600000*8/12)-50000. விடை 1,170,000.

ஒருவர் விரலில் தவறாக எண்ணி ஏழு மாதம் என்று எடுத்துவிட்டார் என்று வையுங்கள். கால்குலேட்டரில் போட்டு 1,120,000 என்ற எண்ணை மட்டும் அடித்தால், திருத்துபவருக்கு அது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. சூத்திரமாக அடித்திருந்தால் கட்டத்தைத் தொட்டதும் வழி தெரியும்: துணை நிறுவனத்தைக் காலப்பகுதிக்கு வெட்டியிருக்கிறார், உள்விற்பனையைக் கழித்திருக்கிறார், மாத எண்ணிக்கையில் மட்டும் சறுக்கியிருக்கிறார். வழிக்குரிய மதிப்பெண் கிடைக்கும். 46க்கும் 50க்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் இந்த மாதிரி நான்கு மதிப்பெண்தான்.

குறுவிடைக் கேள்விகளில் கதை தலைகீழ். அங்கே வழிக்கு மதிப்பெண் கிடையாது, விடை மட்டும்தான். 'ஆயிரத்தில் விடை தருக' என்றால் 250,000க்கு 250 என்றுதான் அடிக்க வேண்டும். 'சரியான இரண்டைத் தேர்வு செய்க' என்பதில் ஒன்று சரி, ஒன்று தவறு என்றால் பூஜ்யம். தவறான விடைக்குக் கழிப்பு இல்லை, அதனால் எதையும் காலியாக விடாதீர்கள்.

புத்தகம் பிபிபி, கப்லான் இரண்டில் எது என்று சண்டை போட வேண்டாம். எதை வாங்கினாலும் பயிற்சிக் கேள்விப் புத்தகத்தைத்தான் அதிகம் கிழிக்க வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் பிறகு தேர்வாளர் அறிக்கை வெளிவரும். மாணவர்கள் எங்கே தவறினார்கள் என்று அவர்களே எழுதியிருப்பார்கள். இதை யாரும் படிப்பதில்லை.

எஸ்பிஎல் மட்டும் தனி ரகம். தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே நிறுவனத்தைப் பற்றிய முன்தகவல் வந்துவிடும். அதை மனப்பாடம் செய்யாமல், 'இந்த இயக்குநர் வாரியத்தில் என்ன சிக்கல் வரலாம்' என்று இரண்டு பேர் உட்கார்ந்து பேசுங்கள். 20 மதிப்பெண் தொழில்முறைத் திறனுக்கு: கடிதம் என்றால் கடிதம் போல, குறிப்பு என்றால் குறிப்பு போல எழுதியிருக்கிறீர்களா என்பதும் அதில் சேரும். ஏசிசிஏவின் நெறிமுறைத் தொகுதியையும் (இணையத்தில் முடிக்கும் தனிப் பாடம்) எஸ்பிஎல்லுக்கு முன் முடித்துவிடுங்கள். எப்படியும் முடிக்க வேண்டியது, முன்னால் முடித்தால் எஸ்பிஎல் விடைக்கும் உதவும்.

8. தேர்வு நாள்

மைகாட், அச்சிட்ட அனுமதிச் சீட்டு, கால்குலேட்டர், பேனா. பசியாறிவிட்டுப் போங்கள், நாசி லெமாக்கைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், தூக்கம் வரும். ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். குளிர்சாதனம் எலும்பைத் துளைக்கும், மெல்லிய குளிராடை ஒன்று நல்லது.

9. வேலை அனுபவத்தை முதல் நாளிலிருந்தே எழுதுங்கள்

கட்டுரையில் இது பின்னால் வந்தாலும், தொடங்க வேண்டியது வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில். 13 தாளும் தேறிவிட்டு இரண்டு ஆண்டு உறுப்பினராக முடியாமல் நின்றது நான்தான்.

36 மாத அனுபவம் வேண்டும். ஒன்பது செயல்நோக்கங்கள் (வேலையில் செய்து காட்ட வேண்டிய திறன்கள்) வேண்டும்: ஐந்து கட்டாயம், நான்கை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் 200 முதல் 500 சொற்களில், நீங்களே செய்த வேலையை உங்கள் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். இன்னொருவருடையதைப் பார்த்து எழுதினால் பிடிபடும். தகுதி பெற்ற கணக்காளர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். உங்கள் மேலாளர் தகுதி பெற்றவர் இல்லை என்றால், உங்கள் வேலையை அறிந்த வெளிக் கணக்காய்வாளர் போன்றவரைத் தொடக்கத்திலேயே கேட்டு வையுங்கள்.

என் முதல் நிறுவனத்தில் 20 மாதம் இருந்தேன். கையெழுத்து வாங்காமல் வெளியேறினேன். பிறகு கேட்டபோது என் மேலாளர் வேறு நாட்டுக்குப் போய்விட்டார், நிறுவனமும் பதில் போடவில்லை. அந்த 20 மாதமும் கணக்கில் வரவில்லை. வேலையை விடும் கடிதம் கொடுப்பதற்கு முன் கையெழுத்தை வாங்குங்கள். பிரிந்த பிறகு யாருக்கும் நேரம் இருக்காது.

10. எம்ஐஏ விண்ணப்பம்

ஏசிசிஏ உறுப்பினர் சான்றிதழ் வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை, எம்ஐஏவுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அலுவலகம் பங்சார் சௌத்தில், கெரிஞ்சி எல்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில். விண்ணப்பம் இணையத்திலேயே செய்யலாம்.

பெரும்பாலும் திரும்பி வருவது வேலைக் கடிதத்தால். 'இவர் எங்களிடம் பணியாற்றினார்' என்ற ஒரு வரிக் கடிதம் போதாது. பதவி, தொடக்க நாள், முடிந்த நாள், செய்த கணக்கியல் வேலைகள் என்று விரிவாக, நிறுவனக் கடிதத்தாளில் இருக்க வேண்டும். மனிதவளத் துறை இப்படி எழுதித் தராது. நீங்களே வரைவு எழுதி, மேலாளரிடம் காட்டி, கையெழுத்துக்குக் கொடுங்கள். அதில் உங்கள் பெயர் 'ஏ/எல்' (மகன்), 'ஏ/பி' (மகள்) உட்பட மைகாட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று கொடுப்பதற்கு முன் ஒருமுறை பாருங்கள்.